ஒன்பது வயதை யார் அவசரப்படுத்துகிறார்கள்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. போன தீபாவளி வரை எடுத்துக் கொடுத்த ஃபிராக்கைப் போட்டுக்கொண்டவள், இந்த வருஷம் வயிறு தெரிகிற கிராப் டாப்தான் வேண்டும் என்று நிற்கிறாள். உதட்டுச்சாயம் கேட்கிறாள், முகத்துக்கு சீரம் கேட்கிறாள். சொந்தக்காரர்கள் ‘காலம் அப்படி, விடுங்கள்’ என்கிறார்கள். இது டிவியும் மொபைலும் செய்த வேலையா, கடைக்காரர்கள் செய்த வேலையா, இல்லை நாங்களே இழுத்துவிட்டுக்கொண்டதா? எதற்குச் சரி சொல்வது, எதை மறுப்பது?

மூன்று பேருக்கும் பங்கு உண்டு, ஆனால் சம பங்கு இல்லை. நான் காரைக்குடியில் பல வருஷமாகப் பிள்ளைகள் துணிக்கடை நடத்துகிறவன். டிவியையும் மொபைலையும் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். கடைக்குள் நடப்பதைக் கடைக்காரன்தான் சொல்ல முடியும் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெடிமேட் உடுப்பு எங்களுக்கு வயதுக் கணக்கில் வராது, சைஸ் கணக்கில் வரும். 16, 18, 20 என்று இரண்டிரண்டாக ஏறும். 28 வரை சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. மொட்டை, காதுகுத்து, பிறந்தநாள் என்று யாராவது எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பிள்ளையும் சீக்கிரமே அடுத்த சைஸுக்கு வளர்ந்துவிடும். 30, 32 என்று வந்ததும் நிலைமை மாறும். எட்டு வயதுக்கு மேல் பிள்ளை வாரத்தில் பாதிக்கு மேல் யூனிஃபார்மில் இருக்கிறது. உடுப்பு எடுத்துக் கொடுக்கிற மாமன்மாரும் குறைந்துவிடுவார்கள். விற்பனை மெலிகிற அந்த சைஸுகளுக்கென்று தனி வெட்டு, தனி டிசைன் போடுவது தயாரிப்பவருக்குக் கட்டுப்படியாகாது. கல்லூரிப் பெண்களிடம் நன்றாக ஓடிய டிசைனை எடுத்து, அளவைச் சுருக்கி அனுப்பிவிடுகிறார். துணி குறைவாகப் பிடிக்கிறது, விலையோ குறைவதில்லை. உங்கள் மகள் கை காட்டிய கிராப் டாப்பை, ஒன்பது வயதுப் பிள்ளை ஓடுவாள், குனிவாள், சப்பணம் போட்டு உட்காருவாள் என்று யாரும் யோசித்துத் தைக்கவில்லை. பத்தொன்பது வயதுக்குத் தைத்ததைச் சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது உயரமான, கொஞ்சம் பூசினாற்போல இருக்கிற பிள்ளைகள். ஒன்பது வயதிலேயே 34, 36 கேட்கும் உடம்பு. அவர்களுக்குப் பிள்ளை வெட்டில் கடைகளில் அநேகமாக ஒன்றும் இருக்காது. தாய் வேறு வழியில்லாமல் பெரியவர்கள் பக்கம் போய்விடுகிறார். போட்டுப் பார்த்ததும் விற்பனைப் பெண் ‘அப்படியே பெரிய பொண்ணு மாதிரி இருக்கா’ என்பார். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளை கண்ணாடியை விட்டு நகர மாட்டாள். உடம்பு வளர்ந்துவிட்டால் மனசும் கூடவே வளர்ந்துவிட்டது என்று ஊரே நினைத்துக்கொள்கிறது. கூடப் படிக்கிற ஒல்லிப் பிள்ளைக்கு இருக்கிற சலுகைகூட இவளுக்குக் கிடைப்பதில்லை.

இந்தப் பேச்சு வந்தால் யாராவது பிராய்லர் கோழியை இழுப்பார்கள். நம் ஊரில் கோழியைக் குறை சொல்லத் துணிவு வேண்டும், இருந்தாலும் சொல்கிறார்கள். பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிற வயது கடந்த நூறு ஆண்டுகளில் பல நாடுகளில் குறைந்திருப்பது உண்மை. சாப்பாடும் உடல்நலமும் மேம்பட்டது பெரிய காரணம், உடல் எடை கூடுவதும் ஒரு காரணம். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி போன்ற அறிகுறி தெரிந்தால் குழந்தைகள் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது மருத்துவ விஷயம். அதற்கும் உதட்டுச்சாயத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, கடைக்குத் திரும்புவோம். முன்பெல்லாம் தாய் எடுப்பார், தகப்பன் பணம் கொடுப்பார், பிள்ளை போட்டுக்கொள்ளும். இப்போது பிள்ளை தாயின் மொபைலில் ஒரு படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்கிறது. முடிவு யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துத்தானே வியாபாரி பேசுவான்? நல்ல விற்பனையாள் இன்று தாயின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, குனிந்து பாப்பாவிடம்தான் பேசுகிறார். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே டிசைன் என்று ஜோடி உடுப்பு வருகிறது. ஒரு ஆளுக்கு எடுக்க வந்தவர்கள் இரண்டு பேருக்கு எடுத்துப் போகிறார்கள். பில் போடுகிற மேசையின் விளிம்பில் நகப்பூச்சு, மினுமினு கிளிப், பழவாசனை உதட்டுக் களிம்பு. அந்த மேசையின் உயரம் யார் கண்ணுக்கு நேராக இருக்கிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். தகப்பன் பர்ஸை வெளியே எடுத்த பிறகு முப்பது ரூபாய் சாமானுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

வெளிநாட்டு விளம்பரத் துறையில் இதை ஒளித்துப் பேசுவதும் இல்லை. பிள்ளைகள் முன்னைவிடச் சின்ன வயதிலேயே பெரியவர்களாகிறார்கள் என்பதை ஒரு சந்தைக் கோட்பாடாகவே வைத்திருக்கிறார்கள். பொம்மையைப் பிள்ளை ஏழு வயதில் தூக்கிப் போட்டால் பொம்மைக் கம்பெனிக்கு நஷ்டம். அழகுசாதனம், துணி, மொபைல் விற்பவர்களுக்கோ வாடிக்கையாளர் அஞ்சு வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறார். யாருக்கு லாபம் என்று கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பையன்களை இதில் விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு வயிறு தெரிய வேண்டாம், முறைப்பு தெரிய வேண்டும். நாலாம் வகுப்பு படிக்கிறவனுக்குக் காதோரம் கோடு போட்ட முடிவெட்டு, கறுப்புக் கண்ணாடி, நெஞ்சில் மண்டையோடும் சண்டை வசனமும் எழுதிய டிசர்ட். அழாதே, நீ ஆம்பளை என்று வீட்டில் சொன்னதைத்தான் டிசர்ட்காரர் அச்சடித்து விற்கிறார்.

டிவி, மொபைல் விஷயத்தில் டிவிக்காவது கொஞ்சம் கடிவாளம் இருக்கிறது. நடனப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்களின் காதல் பாட்டுக்கு வயதுக்கு ஒவ்வாத அசைவுகளோடு ஆடவிடுவதைத் தவிர்க்கச் சொல்லி, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூன் மாதம் தனியார் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, நடிக்கிற அல்லது போட்டியில் ஆடுகிற பிள்ளையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சேர்ந்தாற்போல 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். உங்கள் சொந்தத்தில் யாராவது பிள்ளையை ரியாலிட்டி ஷோவுக்கு அனுப்பத் துடித்தால் இதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

மொபைல் வேறு ரகம். ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு விளம்பரம் என்பது நம்மை வாங்க வைக்கப் பேசுகிற பேச்சு என்று சரியாகப் பிடிபடுவதில்லை. இது உளவியலாளர்கள் நன்றாக உறுதி செய்த விஷயம். இதனால்தான் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிவைத்த வணிக விளம்பரத்துக்கு 1980 முதலே தடை இருக்கிறது. ஸ்வீடனில் 12 வயதுக்குக் கீழே குறிவைத்த டிவி விளம்பரத்துக்கு 1991 முதல் தடை. அமெரிக்காவில் 1978-இல் வர்த்தக ஆணையம் இதே போல ஒன்றைக் கொண்டுவர முயன்றது. கம்பெனிகள் கொதித்தெழ, 1980-இல் அந்த நாட்டு நாடாளுமன்றமே ஆணையத்தின் கையைக் கட்டிவிட்டது. இந்தச் சட்டங்களெல்லாம் விளம்பரம் தனியாக, நிகழ்ச்சி தனியாக இருந்த காலத்தை வைத்து எழுதியவை. உங்கள் மகள் பார்க்கிற ரீல்ஸில் அந்த வரப்பே இல்லை. பதினோரு வயது அக்கா ஒருத்தி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் ஆறு பாட்டில்களைத் திறந்து முகத்தில் பூசுகிறாள். அது விளம்பரமா, வீட்டு வீடியோவா? தாய்க்கே தெரியாது. ஒன்றைக் கடைசி வரை பார்த்தால் அதே மாதிரி பத்து வரிசையில் வந்து நிற்கும்.

அந்த சீரம் பற்றித் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் தோலுக்கு அது தேவையில்லை. ரெட்டினால், அமிலம் கலந்தவை எல்லாம் சுருக்கம் விழுந்த தோலுக்கும் பருத் தொல்லை உள்ள தோலுக்கும் செய்தவை. பிள்ளைத் தோலில் பட்டால் எரிச்சல், சிவப்பு, உரிதல்தான் மிச்சம். மிதமான சோப்பு, தேவைப்பட்டால் சாதாரண மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்கிரீன், இதற்கு மேல் ஒன்பது வயதில் முகத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. இதில் பேரம் பேச வேண்டாம்.

இதெல்லாம் வெறும் பெரிசுகளின் புலம்பல் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்க உளவியல் சங்கம் 2007-இல் சிறுமிகளைப் பாலியல் கண்ணோடு காட்டுகிற ஊடகம், விளம்பரம், பொருள்கள் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. சாப்பாட்டுக் கோளாறு, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், மனச்சோர்வு ஆகிய மூன்றோடும் அதற்குத் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. பிரிட்டனில் அரசு கேட்டு 2011-இல் இதே விஷயம் பற்றி ஓர் ஆய்வறிக்கை வந்தபோது, அங்குள்ள சில்லறை வியாபாரிகள் சங்கமே பிள்ளைகள் உடுப்பில் எந்த மாதிரி வெட்டு, எந்த மாதிரி வாசகம் கூடாது என்று தானாக ஒரு நெறிமுறை போட்டது. நம் பக்கத்து வியாபாரிகள் கூட்டத்தில் ஜிஎஸ்டி பேசுவோம், பார்க்கிங் பேசுவோம். இந்தப் பேச்சு ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2022 ஜூன் மாதம் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு விதிகள், இந்தப் பொருள் இல்லாவிட்டால் மற்றவர்கள் உன்னைக் கேலி செய்வார்கள், நீ மட்டம் என்று பிள்ளைக்குத் தோன்றும்படி விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன. அப்பா அம்மாவிடம் கேட்டு வாங்கு என்று பிள்ளையை நேரடியாகத் தூண்டவும் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளுக்கு ஒன்றரை வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மகள் உங்கள் பெயரில் இருக்கிற மொபைலைப் பார்க்கும்போது, பார்ப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் என்றுதான் அந்தக் கருவி நினைத்துக்கொள்ளும். அங்கே சட்டம் அவளுக்கு உதவாது.

இப்போது நம் பங்கு. பிள்ளை வயதுக்கு வந்தால் ஊர் முக்கில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பெண்ணின் மேக்கப் போட்டு, பங்களா வாசலில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நிற்க வைத்து, சரிந்து பார், ஓரக்கண்ணால் பார் என்று புகைப்படக்காரர் சொல்ல, அதை ஆளுயரத்துக்கு அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் எல்லாம் பார்க்கும்படி கட்டுகிறோம். மாமன்மார் படங்கள் கீழே வரிசையாக. ரீல்ஸைக் குறை சொல்கிற வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சடங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் உறவுக்குள் நடக்க வேண்டியதை ரோட்டுக்குக் கொண்டுவந்தது மேக்கப், ஃபிளெக்ஸ், வீடியோ வியாபாரம். அந்த வியாபாரத்துக்கு முன்பணம் கொடுத்தது நாம்.

இதைச் சொன்னால் என் கடைக்கு வருகிற செட்டியார் வீட்டு ஆச்சிகள் மடக்குவார்கள்: ‘நகரத்தார் வீட்டில் பையனுக்குக் கார்த்திகைப் புதுமை, பெண் பிள்ளைக்குத் திருவாதிரைப் புதுமை என்று சடங்கு செய்வதில்லையா? சின்னப் பிள்ளைக்கு நகையும் மாலையும் போட்டு மாப்பிள்ளை, பெண் மாதிரி ஜோடிப்பதில்லையா?’ நல்ல கேள்விதான். புதுமையில் அலங்காரத்தை முடிவு செய்வது அப்பத்தாவும் ஆயாவும். அன்று சாயந்தரம் நகை பெட்டிக்குப் போய்விடும், பிள்ளை விளையாடப் போய்விடும். நாளைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அப்படி இல்லை என்று அவள் ஏங்கவும் மாட்டாள். கடையும் ரீல்ஸும் கேட்பது தினசரி வேஷம்.

அதற்காகப் பழைய காலத்தைத் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று கல்யாண வயதை நிர்ணயிக்க 1929-இல் சாரதா சட்டம் தேவைப்பட்டது என்றால் அதற்கு முன் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. செட்டிநாட்டுப் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் எடுபிடியாக, கணக்குப் பழகப் போனார்கள். அங்கிருந்து பர்மா, மலாயா என்று கப்பல் ஏறினார்கள். அந்தக் காலமும் பிள்ளைகளை அவசரப்படுத்தியது. ஆனால் அந்த அவசரத்தோடு பொறுப்பு வந்தது, வித்தை வந்தது. பெட்டியடிப் பையனுக்கு வட்டிக் கணக்கு மனசுக்குள் ஓடும். இன்றைய அவசரம் தோற்றத்தில் மட்டும்தான். உதட்டுச்சாயம் கேட்கிற பிள்ளைக்குத் தட்டைக் கழுவத் தெரியாது, நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எண்ணி வாங்கத் தெரியாது. விற்பவர்களுக்கு அதுதான் வசதி. பெரியவர்களின் ஆசையும் சின்னப் பிள்ளையின் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரைவிட நல்ல வாடிக்கையாளர் ஏது?

அதனால் உங்கள் மகளிடம் ‘நீ இன்னும் சின்னப் பிள்ளை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பெரியவளாக வேண்டும் என்கிற ஆசை தவறில்லை, அது எந்தக் காலத்துப் பிள்ளைக்கும் உண்டு. அந்த ஆசைக்கு வேறு வேலை கொடுங்கள். இந்தத் தீபாவளிக்கு அவள் துணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அவள் கையில் கொடுங்கள். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதச் சொல்லுங்கள். மிச்சம் பிடித்தால் அது அவளுக்கே. ஆயிரத்து இருநூறுக்குத் துணியே இல்லாத டாப்பா, அதே காசில் இரண்டு சட்டை பாவாடையா என்று அவளே விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள். கடையில் நான் பார்த்தவரைக்கும், தாயின் காசில் எடுக்கிற பிள்ளைக்கும் தன் காசில் எடுக்கிற பிள்ளைக்கும் கண்ணே வேறு.

துணி விஷயத்தில் என் அளவுகோல் எளிமையானது. போட்டுக்கொண்டு ஓட முடிகிறதா, கையைத் தூக்கினால் இழுத்துவிட வேண்டியிருக்கிறதா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். நிறம், பூ, பொம்மை, பளபளப்பு எல்லாம் அவள் விருப்பம், அதில் தலையிடாதீர்கள். ஜீன்ஸும் கேட்கட்டும், தவறே இல்லை. நாகரிக உடுப்பு வேறு, வயதுக்கு மீறிய உடுப்பு வேறு. இரண்டையும் குழப்பி எல்லாவற்றுக்கும் தடை போட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். உதட்டுச்சாயத்துக்குக் கல்யாண வீட்டில் ஒருநாள், வீட்டில் விளையாட்டுக்கு, சரி. பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் கிடையாது. காரணத்தை ஒருமுறை சொல்லுங்கள், தினமும் வேண்டாம்.

மொபைலைத் தனி அறைக்குக் கொண்டுபோக விடாமல் நாலு பேர் நடமாடுகிற இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வீடியோ தானாக அடுத்ததுக்கு ஓடுகிற அமைப்பை அணைத்துவிடுங்கள். ‘எனக்கு ஆர்வமில்லை’ என்கிற பொத்தானை அவளையே அழுத்தப் பழக்குங்கள், நாலைந்து நாளில் வருகிற வீடியோக்களின் ரகமே மாறுவதைப் பார்ப்பாள். அப்புறம் கூடவே உட்கார்ந்து ‘இந்த அக்காவுக்கு இதற்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்?’ என்று கேளுங்கள். கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி, விடமாட்டார்கள்.

சொந்தக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவளைப் பார்த்ததும் ‘பெரிய மனுஷி ஆயிட்டியே’, ‘மாப்பிள்ளை பார்த்துடலாமா’ என்று கிண்டல் பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்கு மேக்கப் பெட்டி வாங்கி வருகிற சித்திக்கு முன்கூட்டியே சைக்கிள் பெல்லோ வண்ணப் பெட்டியோ சொல்லி வைத்துவிடுங்கள். வந்த பிறகு பிடுங்கினால் நீங்கள்தான் வில்லி.

34-க்கு மேல் பிள்ளை வெட்டு கிடைக்கவில்லையென்றால் கடை கடையாக அலையாதீர்கள், தைக்கக் கொடுங்கள். கடைக்காரனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம், துணி எங்களிடம் எடுங்கள். நல்ல பருத்தித் துணியில், பை வைத்த ஃபிராக் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மாடலை அவளே தையற்காரரிடம் சொல்லட்டும். அளவு எடுக்கும்போது பக்கவாட்டிலும் கீழேயும் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லிவிடுங்கள், அடுத்த தீபாவளி வரை வரும்.